படகு வருகிற இடம்

உதட்டை மூடிக்கொண்டு "ம்" என்று இழுத்தால் மூக்குத் தண்டில் ஓர் எறும்பு ஊர்வது போலிருக்கும். மூச்சைச் சீராக விட விட அந்த ஒற்றை எறும்பு ஒரு சாரையாகி, மேலே ஏறி, இரண்டு புருவங்களுக்கும் நடுவில் போய்க் கூடி நிற்கும். ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷத்தில் அந்த எறும்போடுதான் விடிந்தது எனக்கு. அதோடுதான் ஆமத்தூர் விலக்கில் நின்று சிவகாசி பஸ் ஏறினேன், அதோடுதான் சாயங்காலம் சுவரோரம் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினேன். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்கக் கலக்கும் மயில்துத்தத்தின் வாசனை இன்றைக்கு எங்காவது அடித்தாலும், யாரும் கேட்காமலே என் உதடு மூடிக்கொள்ளும்.

அந்த "ம்" ஓர் ஆங்கிலக் கவிதையின் தொடக்கம். படிக்கிற கவிதை இல்லை, பாடுகிற கவிதை. எந்தக் காலத்திலோ ஓர் ஆங்கிலக் கவிஞர், மூடுபனி இறங்கிய கடற்கரையில் மீன்பிடிக்கப் போனவர்களுக்காகக் காத்து நிற்கும் பெண்களைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெகுகாலம் கழித்து அதே தேசத்து இசைக்காரர் ஒருவர் அதை எடுத்து, வரிக்கு வரி மெட்டுப் போட்டு, மேல் குரல், இரண்டாம் குரல் என்று இரண்டாகப் பிரித்து, இத்தனை பெண்கள் சேர்ந்து நின்று பாடவேண்டும் என்று செய்துவைத்திருக்கிறார். அது கப்பல் ஏறி, மலை இறங்கி, ஏதோ ஒரு கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவின் அலமாரியில் கிடந்து, கடைசியில் கடலையே பார்த்திராத, மூடுபனி என்றால் என்னவென்று தெரியாத, வெயில்தான் மூலதனம் என்று சொல்லிக்கொள்கிற எங்கள் கந்தக பூமிக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மூடுபனிக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே உறவு, தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் நிற்கும் புகைதான்.

கொண்டுவந்தவர் கிரேஸ் மிஸ். நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஆங்கிலப் பாடம் நடத்த வந்தவர். எங்களைவிடப் பத்து வயது மூத்திருப்பார், அவ்வளவுதான். கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும், சந்தோஷம் வந்தாலும் அங்கேயேதான் சிவக்கும் என்பதால் அருகில் போகுமுன் கொஞ்சம் நின்று பார்த்துக்கொள்வோம். ச-ரி-க-ம இல்லை அவருடைய கணக்கு. "டோ-ரே-மி"யை ஆங்கில எழுத்தாக வரிசையாக எழுதி, நடுவில் புள்ளியும் கோடும் வைத்து, இதுதான் பாட்டு என்பார். எழுதித் தர எங்களூரில் காகிதத்துக்கா பஞ்சம்? அச்சாபீசுகளில் மை பதம் பார்க்க ஓட்டிக் கழித்த தாள்கள் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். முன்பக்கம் சிவப்பு மட்டும் விழுந்த கிளியும், மஞ்சள் மட்டும் விழுந்த முருகனும், ஒருவர்மேல் ஒருவராக அச்சாகிப்போன லட்சுமியும் சரஸ்வதியும். பின்பக்கம் வெள்ளையில் எங்கள் ஆங்கிலப் பாட்டு. நாங்கள் வரிசையாக நின்று தாளைப் பிடித்தால், எதிரே இருப்பவர்களுக்கு ஏதோ சாமி ஊர்வலம் நடுவழியில் நின்றுவிட்டது போலத் தெரியும்.

நான் இரண்டாம் குரல். மேல் குரலில் நின்றவர்களுக்கு, அதிலும் முன்னால் நின்ற பாமாவுக்கு, அழகான மெட்டு. பாமா, என் அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி முதலாளியின் மகள். வீட்டில் அவள் பாடினால் விருந்தாளிகள் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்களாம். எங்கள் இரண்டாம் குரலுக்கு மெட்டே கிடையாது. மேலே அவர்கள் ஏறுகையில் நாங்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அவர்கள் நிற்கையில் ஒரு படி இறங்க வேண்டும். ஒரே ஒரு சொல்லை மூன்று மூச்சுக்கு இழுக்க வேண்டும். "மக்களே, நீங்க தரை. தரை ஆடினா மேல நிக்கிறவங்க விழுந்துருவாங்க" என்பார் மிஸ். சேர்ந்து பாடுகையில் உடம்பெல்லாம் அதிரும் அந்தத் தரை, தனியாக வீட்டில் பாடிப் பார்த்தால் ஏதோ சீக்கு வந்த சத்தமாக இருக்கும்.

பக்கத்து வீட்டு மாரியம்மா அத்தை முதல் நாளே எட்டிப் பார்த்தாள்.

"என்ன குருவம்மா, ஒம் மகளுக்கு வயித்து வலியா?"

"பாட்டாம்" என்றாள் அம்மா, ஒட்டுகிற கையை நிறுத்தாமல்.

"எது, இதா? எங்க எருமை ஈனும்போது இதவிட நல்லாப் பாடுச்சே!"

"அத்தை, இது ரெண்டாங் கொரலு. மேல் கொரலோட சேந்தாத்தான் பாட்டாத் தெரியும்" என்றேன், ரோஷமாக.

"அப்ப அந்தப் பிள்ளையவும் வீட்டுக்குக் கூட்டியாடி. பாதிப் பாட்ட மட்டும் கொண்டாந்து எங்கள ஏன் வதைக்க?"

அம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு இது விளையாட்டு இல்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு பாட்டுக்கு நின்றால் நான் வீடு சேர விளக்கு வைத்துவிடும். ஒட்ட வேண்டிய கூடுகள் அப்படியே கிடக்கும். கம்பெனியில் பகலெல்லாம் சரவெடி பின்னிவிட்டு வந்த விரல்களால் அவள் ஒற்றையாய் உட்கார்ந்து ஒட்டுவாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு மூன்றாம் நாள் தீர்ப்புச் சொன்னாள்.

"ஆயுதபூசைக்கு எங்க கம்பெனியில பாடப் போறீகளாமே, மொதலாளி மக சொல்லி ஏற்பாடாம். அதுவரைக்கும் போ. அன்னைக்கு நான் கேப்பேன். பாட்டுன்னா எனக்குப் பாட்டாக் கேக்கணும். கேட்டா நீ போய்க்கிட்டே இரு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இல்லையா, பேசாம இங்கன வந்து ஒக்காரு."

நியாயமான பேரம்தான். ஆனால் அந்தப் பாட்டில் என் குரல் என் குரலாகக் கேட்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது கடைசியில் வந்தது. எல்லாம் முடிந்து மேல் குரல் அடங்கிய பிறகு இரண்டாம் குரல் மறுபடி "ம்" பிடிக்கும். ஒவ்வொருத்தியாக நிறுத்திக்கொண்டே வருவார்கள். கடைசியில் ஒருத்தி மட்டும் மிஞ்சி, அந்த ஒற்றை நூலில் பாட்டு அணையும். அந்த ஒருத்தி நான். "ஒனக்குத்தான் மூச்சு நீளம்" என்று மிஸ் கொடுத்த சொத்து. அம்மா அதுவரை பொறுத்துக் கேட்டாளென்றால் போதும் என்று, வேண்டாத சாமி இல்லை.

கடைசிக்கு முன்னால் இன்னோர் இடம் இருந்தது. நாங்கள் வைத்த பேர் "படகு வர்ற இடம்". கவிதைப் பக்கம் முழுக்கப் பெண்கள் கரையில் சும்மா நிற்பார்கள். பனி இறங்கும், பேச்சு அடங்கும், பாட்டு மெலிந்து மெலிந்து காதைத் தீட்டினால்தான் கேட்கும் என்கிற அளவுக்கு வரும். பிறகு தூரத்தில் ஒரு வெளிச்சம். அந்த ஒரு சொல்லில் அத்தனை பேரும், மேல் குரலும் இரண்டாம் குரலும், இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி, ஒரே நேரத்தில், வாய் கிழிய "ஆ" என்று திறக்க வேண்டும். மெதுவாக ஏறி வந்து இல்லை, திடீரென்று. மிஸ் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிப் பிரிப்பார், நாங்கள் வெடிப்போம். ஒத்திகையில் அந்த இடம் வந்தால் வாட்ச்மேன் மணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடுவார். நாங்கள் சிரித்துச் சிரித்துச் செத்தோம்.

இதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தெருவில் பெண்கள் கத்த மாட்டார்கள். பட்டாசுக் கம்பெனி வேலை அப்படிப் பழக்கியிருந்தது. உள்ளே செருப்பில்லை, இரும்பில்லை, ஓட்டமில்லை, உரத்த பேச்சில்லை. பக்கத்து அறைக்கு ஒன்று சொல்ல வேண்டுமென்றால் எழுந்து போய்த்தான் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் சாயங்காலம் வண்டி ஏறி வீட்டுக்கும் வந்துவிடும். பிள்ளைகளைக் கூப்பிட எங்கள் அம்மாக்கள் பேர் சொல்லிக் கூவுவதில்லை. வாசலில் நின்று கையைத் தட்டுவார்கள், எந்தத் தட்டு எந்த அம்மாவுடையது என்று எங்களுக்குத் தெரியும். சண்டைகூட அடிக்குரலில்தான் நடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் இருவர் ஏதோ ரகசியம் பேசுவதுபோல இருக்கும், கிட்டே போனால்தான் அந்த ரகசியத்தின் நாற்றம் தெரியும். ஆனால் ஒரே ஒரு சத்தத்துக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே அர்த்தம். பல பெண்கள் ஒரே நேரத்தில் கூவினால், அதற்கு "கூப்பாடு" என்று பேர். "வெடிச்சத்தம் பின்னாலதான் காதுல விழும். மொதல்ல கூப்பாடுதான் வரும். கேட்டா யோசிக்கக் கூடாது, யாரையும் தேடக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது, வெளிய பாத்து ஓடணும்" என்று வேலைக்குச் சேரும் முதல் நாள் சொல்லிக்கொடுப்பார்களாம். எங்கள் வீட்டுச் சுவரில் பேச்சி சித்தி படம் மாட்டியிருந்தது. அம்மாவுக்கு நேர் இளையவள். வெடிமருந்து கலக்கும் "மருந்து" அறையில் வேலை பார்த்தவள். அந்த அறை வெடித்த அன்றைய கூப்பாட்டின்போது, கம்பெனியில் சொல்லிக்கொடுத்தபடியே, அம்மா வெளியே பார்த்து ஓடினாள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் அம்மாவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இவ்வளவும் தெரிந்த ஊரில், அந்த "ஆ"வை எங்கே கொண்டுபோய்ப் பாடப் போகிறோம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது படகு வருகிற இடம். வெளியூர்க்காரர் மிஸ்ஸுக்குத் தோன்றாதது சரி, எங்களுக்கே தோன்றவில்லை. பாட்டு என்பது வேறொரு தேசம், அங்கே கம்பெனி கிடையாது என்று நினைத்திருந்தோம் போலிருக்கிறது.

ஆயுதபூஜை அன்று வேலை அறைகளையெல்லாம் கழுவிப் பூட்டி, சந்தனம் தெளித்து, வாழைக்கன்று கட்டி, ஆபீஸ் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் எல்லாரும் தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்து, மடியில் பொரியும் கடலையும் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வருஷமெல்லாம் பட்டாசின் வெள்ளிப் பவுடர் அப்பிய முகங்கள் அன்றைக்கு மஞ்சள் பூசிப் பளிச்சென்றிருந்தன. அம்மா இரண்டாவது வரிசை. மாரியம்மா அத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் கையிலிருந்த தாள்களைப் பார்த்து, "அடியே, முருகன் காமாலை வந்து நிக்கிறாரு" என்று சொன்னது மேடைவரை கேட்டது.

தொடங்கினோம். "ம்" நன்றாகப் பிடித்தது. பாமாவின் குரல் அதன்மேல் ஏறியது. முன்னால் இருந்த சளசளப்பு அடங்கியது; பொரி மெல்லுகிற வாய்கள் நின்றன. அம்மாவைப் பார்த்தேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எதையோ தேடுகிற முகத்தோடு, எங்கள் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத்தான் தேடுகிறாள், குரலில். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் பொறு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே பாடினேன். பாட்டு மெலிந்தது. பந்தலின் நிழலில் ஒரு குழந்தை விக்கியது கேட்டது. மிஸ்ஸின் கைகள் மேலே போயின.

வெடித்தோம்.

அடுத்து நடந்ததைக் கண்ணால் பார்த்தும் புரிந்துகொள்ள எனக்கு நேரம் பிடித்தது. பந்தலே எழுந்தது. ஒரு சத்தமில்லை, ஓர் அலறலில்லை; அத்தனை பெண்களும் ஒரே உடம்பாக எழுந்து, மடிப் பொரி நாலா பக்கமும் சிதற, குழந்தைகளை இடுப்பில் வாரிக்கொண்டு, வெறுங்காலோடு கேட்டைப் பார்த்து ஓடினார்கள். நாங்கள் "ஆ"வை நிறுத்தத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தோம். மிஸ்ஸின் கைகள் தலைக்குமேல் பிரிந்தது பிரிந்தபடி நின்றன. அந்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் ஒரே ஒருத்தி, ஆட்களைத் தோளால் இடித்துக்கொண்டு மேடையை நோக்கி வந்தாள். என் மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. அடுத்த நிமிஷம் நான் மேடையில் இல்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில், அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன், கையில் பாதி கிழிந்த மஞ்சள் முருகனோடு.

வெடி எதுவும் கேட்கவில்லை. ஒரு புகையும் வரவில்லை. பந்தலில் காக்கைகள் இறங்கிப் பொரியைக் கொத்தத் தொடங்கின. யாரோ ஒருத்திக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். முதலில் சிரித்தது மாரியம்மா அத்தைதான். மூச்சு வாங்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"யாத்தே... பாட்டுடீ! பாட்டுக்கு ஓடியிருக்கமேடீ!"

சிரிப்பு பரவியது. சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள். பாதி தூரம் தானும் ஓடியிருந்த முதலாளி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "சரிம்மா, பாட்டு நல்லாருந்துச்சு, போதும், எல்லாரும் வந்து சாப்பிடுங்க" என்றார். சிரிப்பு அடங்கும்போது அத்தை அம்மாவைப் பார்த்து, "ஏ குருவம்மா, எல்லாரும் வெளிய ஓடுறாக, நீ மட்டும் என்னடி உள்ள ஓடுன?" என்று கேட்டாள். அம்மா என் மணிக்கட்டை விடவில்லை. வண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பாட்டு முடியவில்லை. ஆகவே தீர்ப்பும் இல்லை. மறுநாளிலிருந்து நான் மணி அடித்ததும் நேரே வீட்டுக்கு வந்து, பசைத் தட்டை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். போ என்றும் அவள் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. கிரேஸ் மிஸ் வகுப்பில் மூக்கு சிவக்காமலேயே பாடம் நடத்தினார். அதுதான் தாங்க முடியவில்லை. தெருவில் எங்களுக்கு "ஓட்டப்பந்தயக் கோஷ்டி" என்று பேர் வந்திருந்தது.

ஐப்பசி பிறந்து முதல் மழை ஒரு காலையில் பிடித்துக்கொண்டது. மழை என்றால் கம்பெனியில் எதுவும் காயாது. வந்த ஆட்களை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மத்தியானம் நாங்கள் வகுப்பில் இருக்கையில் வாட்ச்மேன் வந்து மிஸ்ஸிடம் ஏதோ சொன்னார். ஜன்னல் வழியே பார்த்தேன். பள்ளிக்கூட வராந்தாவில், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, திறக்காத தூக்குவாளிகளோடு ஏழெட்டுப் பெண்கள் நனைந்து நின்றார்கள். முன்னால் அம்மா.

"டீச்சரம்மா, இன்னைக்கு வேலை இல்ல. அன்னைக்குப் பாதியில ஓடிட்டோம். முடிவு கேக்கல" என்றாள்.

மிஸ் புத்தகத்தை மூடிவிட்டு வராந்தாவுக்கு வந்தார். "அம்மா, அன்னைக்கு... எனக்குத் தெரியாதும்மா. மன்னிச்சிக்கிடுங்க. அந்த எடத்த மெதுவாப் பாடச் சொல்லுதேன், சத்தமே வராது."

"எதுக்கு? அங்கன கத்தணும்னு எழுதியிருக்கா?"

"ஆமா."

"எதுக்குக் கத்துறாக?"

மிஸ் கதையைச் சொன்னார். கடல், பனி, கரையில் நிற்கும் பெண்கள், போனவர்களைக் காணாத நேரம். பிறகு தூரத்தில் ஒரு வெளிச்சம், படகு.

"வந்துட்டாகளா?" என்றாள் மாரியம்மா அத்தை.

"வந்துட்டாங்க. எல்லாரும்."

அம்மா மழையைப் பார்த்தாள். "திரும்பி வந்ததுக்கா கத்துறாக?" என்றாள். "நாங்க திரும்பி வராததுக்குத்தான் கத்தியிருக்கோம்."

மிஸ் மெல்ல, "கவிதை எழுதுனவர் கத்தச் சொல்லலம்மா. அவர் வெளிச்சம் தெரிஞ்சதுன்னு மட்டும் எழுதியிருக்கார். பாட்டுப் போட்டவர்தான் அங்க எல்லாரையும் கத்த விட்டிருக்கார்" என்றார்.

"அப்ப பாட்டுப் போட்டவருதான் பொம்பளைங்களோட இருந்து பழகியிருக்காரு" என்றாள் அம்மா. "கத்துங்க டீச்சரம்மா. குறைக்க வேண்டாம். நாங்க ஒக்காந்திருக்கோம்."

பாடகர் குழுவைக் கூப்பிட்டனுப்பினார் மிஸ். பாமா ஓடி வந்தாள். பாட்டு ஒத்திகை நடக்கும் தகரக் கொட்டகையில், எங்களுக்கு எதிரே பெஞ்சுகளில் உட்காராமல், தரையில் வட்டமாக நெருங்கி உட்கார்ந்தார்கள் அந்தப் பெண்கள். சேலையிலிருந்து வடிந்த தண்ணீர் சிமெண்டில் ஓடி எங்கள் கால்வரை வந்தது. மழை தூறலாகக் குறைந்திருந்தது. "ம்" பிடித்தோம். தகரத்தின் மேல் தூறலும் எங்கள் இரண்டாம் குரலும் ஒரே சுருதியில் நின்றதுபோல எனக்குப் பட்டது. ஒருவேளை நான் பிற்பாடு சேர்த்துக்கொண்டதோ என்னவோ.

பாட்டு மெலிந்து வந்தபோது அம்மா திரும்பி, மற்றவர்களிடம் அடிக்குரலில் சொன்னாள்: "இப்பக் கத்துவாளுக. ஒருத்தரும் எந்திரிக்காதீக. படகு வருது, அம்புட்டுத்தான்."

ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். மிஸ்ஸின் கைகள் மேலே போயின. ஒரு கணம் தயங்கி, பிரிந்தன.

அந்த "ஆ"வைப் போல நாங்கள் அதற்கு முன்னும் பாடவில்லை, பின்னும் பாடவில்லை. தகரம் அதிர்ந்தது. எதிரே, தரையில், அத்தனை உடம்பும் எழத் துடித்தது தெரிந்தது. கால் விரல்கள் சிமெண்டைப் பிறாண்டின, மாரியம்மா அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாள், ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் தோளில் முகத்தைப் புதைத்தாள். யாரும் எழவில்லை. அம்மா கண்ணை மூடவில்லை. சத்தத்துக்கு நேராக, எதிர்வெயிலைப் பார்ப்பதுபோல முகத்தைச் சுருக்கிக்கொண்டு, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் முடிந்தது. முடிந்தும் எல்லாரும் அங்கேயே இருந்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் ஒரு கூப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் அங்கேயே இருந்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

பிறகு மேல் குரல் அடங்கியது. இரண்டாம் குரலில் ஒவ்வொருத்தியாக நின்றார்கள். நான் மட்டும் மிஞ்சினேன். எறும்பு நெற்றிக்கு ஏறியது. அம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்ட முகம். மூச்சு தீருமட்டும் பிடித்தேன்.

கை தட்டவில்லை, கைகளை இன்னும் அவர்கள் விடவில்லை. அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள்: "நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா தீவாளி முடியிற வரைக்கும் கம்பெனிப் பக்கம் மட்டும் வந்துராதீக." கொட்டகையே சிரித்தது. மிஸ்ஸின் மூக்கு சிவந்திருந்தது, எதற்கென்று இந்தத் தடவை பார்க்கத் தேவையிருக்கவில்லை.

வீட்டுக்குப் போகையில், பஸ்ஸில், ஆமத்தூர் நெருங்கும்போதுதான் அம்மா சொன்னாள்: "சரம் பின்னயில உள்ள ஒரு நூலு ஓடும். வெளிய தெரியாது. வெடியெல்லாம் அதுலதான் நிக்கும். நீ அந்த நூலு." கொஞ்சம் கழித்து, "நாளைக்கு லேட்டாவே வா" என்றாள்.

இவ்வளவுதான் நடந்தது. நாங்கள் எந்தக் கோப்பையும் வாங்கவில்லை. மதுரையில் ஒரு போட்டிக்குப் போய், படகு வருகிற இடத்தில் மேல் குரல் கொஞ்சம் பிசகி, கொடுத்த லெமன் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். கிரேஸ் மிஸ் கல்யாணமாகிப் போய்விட்டார். பாமா வெளிநாட்டில் இருக்கிறாள், எப்போதாவது பேசினால் "முருகனுக்குக் காமாலை எப்பிடி இருக்கு?" என்பாள்.

இப்போது நான் விருதுநகரில் இருக்கிறேன், அம்மா என்னோடு இருக்கிறாள். அந்தக் கம்பெனி கைமாறி, பேர் மாறிவிட்டது. தகரக் கொட்டகை நின்ற இடத்தில் மாடி எழும்பியிருக்கிறது. அச்சில் கழிந்த தாளும் முன்போலக் கண்ணில் படுவதில்லை. கம்ப்யூட்டர் திரையிலேயே பதம் பார்த்துவிடுகிறார்கள், ஆகவே ஒற்றை நிறக் கிளிகளும் பிறப்பதில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவுக்குப் பெட்டியில் பாட்டைப் போட்டுவிட்டு அதோடு சேர்ந்து பாடுகிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் மேல் குரல்தான், தரையாக நிற்க ஆளில்லை. கை தட்டிப் பிள்ளையைக் கூப்பிடும் தெரு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அம்மா மட்டும் இன்னமும் தட்டுகிறாள். அடுத்த அறையில் இரண்டு தட்டு கேட்டால், தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம்.

போன மாதம் ஒரு சாயங்காலம், தேடித் தேடி, அந்தப் பாட்டை மொபைலில் கண்டுபிடித்தேன். வெளிநாட்டுப் பெண்கள், கறுப்பு உடையில், உயரமான கல் மண்டபத்தில் நின்று பாடுகிறார்கள். அம்மாவின் காது இப்போது மந்தம். மொபைலை அவள் காதருகே பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். "இது எந்தப் பாட்டு தெரியுதா?" என்று நான் கேட்கவில்லை, என்ன பாட்டென்று அவளும் கேட்கவில்லை. பாட்டு மெலிந்து மெலிந்து வந்தபோது, அவள் கை மெதுவாக ஊர்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கமாக இல்லை. சும்மா, இருக்கிறேனா என்று பார்ப்பது போல. படகு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

பிறகு மேல் குரல் அடங்கியது. கடைசி "ம்" வந்திருக்க வேண்டும்; அந்தப் பெண்களின் உதடு மூடியிருப்பதும் கழுத்து அசைவதும் திரையில் தெரிந்தன. ஆனால் மொபைலின் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் இரண்டாம் குரல் விழவேயில்லை. அம்மா தலையைச் சாய்த்துத் தேடிப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"நூலக் காணமேடி" என்றாள்.

உதட்டை மூடிக்கொண்டேன். மூக்குத் தண்டில் அந்த எறும்பு, இத்தனை வருஷம் கழித்தும் வழி மறக்காமல், ஏறத் தொடங்கியது.